கடல்நீர்த் தொட்டியில் மணலின் தூய்மை

கடல்மீன் காட்சித் தொட்டியின் முன் நிற்பவரது பார்வை முதலில் மீன்களின்மேல் செல்லும்; பின்னர்ப் பவளங்களின்மேல் செல்லும். தொட்டியின் அடியில் பரப்பப்பட்டுள்ள மணலை ஊன்றி நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், அத்தொட்டியில் வாழும் உயிர்கள் நெடுநாள் நலமுடன் இருக்குமா, அல்லது ஒரே இரவில் மடிந்துபோகுமா என்பதைப் பெரும்பாலும் அந்த மணலே முடிவு செய்கிறது.

இம்மணலைத் தூய்மையாக வைத்திருப்பது பற்றி இரு வேறு கருத்துக்கள் நிலவுகின்றன. வாரந்தோறும் மணல் முழுவதையும் வெளியே எடுத்து அலசிவிட வேண்டும் என்பது ஒன்று. மணலை ஒருபோதும் தொடவே கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தீங்கு விளைவிக்கக்கூடியவை. மணற்படுகை என்பது பெருக்கித் துடைக்க வேண்டிய தரையும் அன்று. கவனிப்பாரற்று விட்டுவிடத்தக்க அடித்தளமும் அன்று. அது உயிருள்ள ஒரு வடிகட்டி. அதன் செயலை அறிந்துகொண்டால், தொட்டியைப் பேணும் முறையும் விளங்கும். கடலின் அடித்தளத்தை எவ்வாறு பேண வேண்டும் என்பதும் விளங்கும். கடற்கரையில் உள்ளோருக்கு மட்டுமன்றிக் கடலையே காணாத உள்நாட்டு மாணவர்களுக்கும் இதனைக் கற்பிக்க இயலும்.

தொட்டியின் வரலாறு

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை நெடுநாள் வைத்திருப்பது எவ்வாறு என்பதை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியல் அறிஞர் ஒருவர். 1850ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியின் முடிவுகளை அவர் வெளியிட்டார். மீன்களுடன் நீர்த்தாவரங்களையும் ஒரே தொட்டியில் வைத்தால், தாவரங்கள் வெளியிடும் பிராணவாயுவை மீன்கள் சுவாசிக்கும் என்பது அவரது எண்ணம். ஆனால் அழுகிய இலைகள் நீரைக் கலங்கச் செய்தன. அவற்றை உண்பதற்கு நத்தைகளைச் சேர்த்த பின்னரே நீர் தெளிந்தது. கழிவை உண்ணும் உயிர் ஒன்று இல்லாவிடில் தொட்டியில் சமநிலை இல்லை என்ற உண்மை அப்போதே புலனாயிற்று.

1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சிசாலை ஒன்று தொடங்கப்பட்டது. அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி இதற்கு அடிப்படையாக இருந்தது. பல ஆண்டுகள் மக்களைக் கவர்ந்த அக்காட்சிசாலை, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. 1961ஆம் ஆண்டில் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளையும் மணலையும் கொண்டு, காற்றுக் குமிழிகளைத் தவிர வேறு சாதனம் எதுவுமின்றிப் பவளங்களைத் தொட்டியில் வளர்த்த முறையை எழுதி வெளியிட்டார். பாறையிலும் மணலிலும் உறையும் நுண்ணுயிர்களே அத்தொட்டியைக் காத்தன. இன்று உலகெங்கும் வழங்கும் பவளத் தொட்டி முறைகள் பலவற்றுக்கு இது முன்னோடியாகும்.

கீழ்ப்பாக்கம் தரும் பாடம்

மணல் உயிருள்ள வடிகட்டி என்பதற்கு நம்மிடையே நெடுநாளாக உள்ள சான்று, நகரங்களின் குடிநீர் நிலையங்களாகும். சென்னை நகரின் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்தில் 1914ஆம் ஆண்டில் மெதுவாக வடியும் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. இத்தகைய வடிகட்டியில் நீர் மணலினூடே மிக மெல்ல இறங்குகிறது. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று படிகிறது. பார்ப்பதற்கு அழுக்காகத் தோன்றும் இப்படலமே நீரைத் தூய்மைப்படுத்தும் பணியில் பெரும்பகுதியைச் செய்கிறது. அதில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நோய்க் கிருமிகளையும் கழிவுப் பொருள்களையும் உண்டு அழிக்கின்றன.

படலம் தடித்து, நீர் இறங்குவது குறைந்துவிட்டால், பொறியாளர்கள் என்ன செய்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் மணல் முழுவதையும் கழுவுவதில்லை. நீரை வடித்துவிட்டு, மேலே ஓரிரு சென்டிமீட்டர் கனமுள்ள மணலை மட்டும் சுரண்டி எடுக்கின்றனர். கீழுள்ள மணல் அப்படியே விடப்படுகிறது. மீண்டும் நீர் பாய்ச்சிய பின்னும், படலம் உருவாகும்வரை சில நாட்கள் காத்திருக்கின்றனர். அழுக்கை அகற்ற வேண்டும். ஆனால் உழைக்கும் உயிர்களை அழித்துவிடக் கூடாது. கடல்நீர்த் தொட்டிக்கும் இதே விதி பொருந்தும்.

மணலுக்குள் நிகழ்வது

மீன்களின் கழிவிலிருந்தும், அவை உண்ணாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாதலால், நன்னீரில் இருப்பதைவிடக் கடல்நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை மிகுதி. மணலின் மேலடுக்கில், பிராணவாயு கலந்த நீர் தங்குதடையின்றிச் செல்லும் இடத்தில், ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு ஒப்புநோக்கக் குறைவு. இந்நுண்ணுயிர்களின் வாழ்க்கையை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் செர்ஜி வினோகிராத்ஸ்கி (1856-1953) என்னும் ரஷ்ய விஞ்ஞானி ஆவார்.

மேலடுக்கிற்குக் கீழே பிராணவாயு படிப்படியாகக் குறைகிறது. நுண்ணிய மணலில் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திலேயே அது அருகிவிடும். அங்கு வாழும் பாக்டீரியாக்கள், சுவாசத்திற்கு நைட்ரேட்டையே பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜன் வாயுவை வெளியிடுகின்றன. அவ்வாயு குமிழிகளாக மேலெழுந்து காற்றில் கலக்கிறது. மீனின் கழிவாகத் தொடங்கிய பொருள் இவ்வாறு தொட்டியை விட்டே நீங்கிவிடுகிறது.

இன்னும் ஆழத்தில், நைட்ரேட்டும் தீர்ந்துபோன இடத்தில், மூன்றாவது அடுக்கு உள்ளது. இங்குள்ள பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட இவ்வாயு, இரும்புடன் சேர்ந்து மணலைக் கருநிறமாக்குகிறது. தொட்டியின் கண்ணாடி வழியே மணலைப் பக்கவாட்டில் நோக்கினால், வெளிர்நிறமான மேலடுக்கும், பழுப்பான நடுவடுக்கும், கருமையான அடியடுக்கும் சில வேளைகளில் தெளிவாகவே காணப்படும்.

கடல் மணலும் கந்தகமும்

நன்னீர்த் தொட்டியைப் பேணிப் பழகியவர், கடல்நீர்த் தொட்டியிலும் அதே முறையைக் கையாண்டு ஏமாறுவதுண்டு. இதற்குக் காரணம் கடல்நீரின் இயல்பே. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் சுமார் 2.7 கிராம் சல்பேட் ஆகும். பெரும்பாலான ஆறுகளின் நீரில் சல்பேட்டின் அளவு இதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே, அழுகும் பொருள் மணலில் புதைந்து பிராணவாயு தீர்ந்துபோனால், கடல்நீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாவதற்கு மூலப்பொருள் குறைவின்றிக் கிடைக்கிறது.

இவ்வாயு ஆழத்தில் அடங்கியிருக்கும்வரை தீங்கு செய்வதில்லை. மேலேறும்போது பிராணவாயுவுடன் சேர்ந்து மாற்றமடைந்துவிடும். ஆனால் பல மாதங்கள் தொடாமல் இருந்த ஆழமான மணலைத் திடீரெனக் கிளறினால், அது நீரில் மொத்தமாகக் கலக்கக்கூடும். சிறிய தொட்டியாயின் மீன்கள் சில மணி நேரத்திலேயே மடிய நேரிடும். நீண்ட நாள் கவனியாமல் விட்டுவிட்டு, ஒருநாள் ஊக்கத்துடன் முழுவதையும் துலக்க முற்படுவதே தொட்டிகளுக்கு நேரும் அழிவுகளில் பலவற்றுக்குக் காரணம்.

துலக்கும் முறை

மணலின் ஆழத்தைத் தொட்டி அமைக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். 2 முதல் 5 சென்டிமீட்டர்வரை ஆழமுள்ள படுகையை மனிதர் கையால் துலக்கிவரலாம். 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள படுகையின் அடிப்பகுதியைக் கிளறாமல், அதனுள் வாழும் சிற்றுயிர்களிடமே ஒப்படைத்துவிட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தைத் தவிர்ப்பது நல்லது என்பது அனுபவமுள்ளோர் பலரின் அபிப்பிராயம். பள்ளிகளுக்கும் சிறு காட்சிசாலைகளுக்கும் ஆழமற்ற படுகையே ஏற்றது.

ஆழமற்ற படுகையைத் துலக்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழல் ஒன்றும், அதனுடன் பொருத்திய மெல்லிய ரப்பர்க் குழாயும் போதும். குழாயில் நீரை நிரப்பி, அதன் மறுமுனையைத் தொட்டியைவிடத் தாழ்வான வாளியில் விட்டால் நீர் தானே வடியத் தொடங்கும். குழலின் வாயை மணலில் மெல்ல அழுத்தினால், மணல் குழலுக்குள் எழும்பிச் சுழலும். கனமான மணல் துகள்கள் மீண்டும் கீழே விழும். எடை குறைந்த அழுக்கு நீருடன் வெளியேறும். மணல் அளவுக்கு மீறி மேலேறினால் ரப்பர்க் குழாயை விரல்களால் நெரித்துக் கட்டுப்படுத்தலாம்.

ஒரே நாளில் படுகை முழுவதையும் துலக்கலாகாது. அதனை நான்கு பகுதிகளாகக் கருதி, வாரத்திற்கு ஒரு பகுதியைத் துலக்குவது சிறந்தது. ஒரு பகுதியில் நுண்ணுயிர்கள் குறைந்தாலும், மற்றப் பகுதிகளில் உள்ளவை தொட்டியைக் காக்கும். நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றும் நாளிலேயே இதனைச் செய்தால், வெளியேறும் நீரும் வீணாகாது.

கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உள. புதிதாக வாங்கிய உலர்ந்த மணலை, நீர் தெளியும்வரை நன்னீரில் கழுவலாம். தொட்டியில் பயன்பட்டு உயிர்கள் குடியேறிய மணலை நன்னீரில் கழுவுதல் கூடாது. உப்புத்தன்மை திடீரென மாறுவதால் அவ்வுயிர்கள் மடிந்துவிடும். சில நிமிடங்களில் மீன்கள் உண்டு தீர்க்கும் அளவுக்கே தீனி இட வேண்டும். பாறைகளின் பின்புறம் நீரோட்டம் இல்லாத மூலைகளில் அழுக்குத் தேங்குமாதலால், நீரோட்டம் அங்கும் செல்லுமாறு செய்ய வேண்டும். புதிய தொட்டியில் மணல்மேல் படியும் பழுப்புநிறப் பூச்சு டயாட்டம் என்னும் நுண்பாசியால் ஆவது. அது பெரும்பாலும் தானே குறைந்துவிடும். செந்நிறமாக, ஆடைபோல் உரித்தெடுக்கத்தக்க படலம் தோன்றினால், கழிவு மிகுந்துவிட்டது, அல்லது நீரோட்டம் குன்றிவிட்டது என்று கொள்ளலாம். படலத்தை எடுத்துவிட்டுக் காரணத்தைக் கவனியாமல் இருந்தால் அது மீண்டும் வரும். கருமையடைந்த மணலை அகற்றியே தீர வேண்டுமாயின், மீன்களை முன்னதாக வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

மணலை உண்ணும் உயிர்கள்

மனிதக் கரத்தைவிடத் திறமையாக மணலைத் துலக்கும் உயிர்கள் கடலில் பல உண்டு. மணலுக்குள் புதைந்திருந்து, தீனியின் வாசனை எழுந்ததும் வெளிவரும் சிறு நத்தைகள் உண்டு. மண்ணை வாயில் அள்ளி, உணவைப் பிரித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே உதிர்க்கும் மீன்கள் உண்டு. மணலைத் துளைத்துச் செல்லும் புழுக்களும் உண்டு. இவை செல்லும் வழிகளில் பிராணவாயுவும் ஆழத்திற்குச் செல்கிறது.

இவற்றுள் தலையாயது கடலட்டை. பெயர் அட்டையாயினும் இது இரத்தம் உறிஞ்சும் உயிரன்று. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான முட்தோலி இனத்தைச் சேர்ந்தது. கடலட்டைகளுள் பல, வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை ஓயாமல் வாயினுள் திணித்துக்கொள்ளும். மணலில் ஒட்டியுள்ள அழுகிய பொருளும் நுண்ணுயிர்களும் செரிமானமாகும். தூய மணல் பின்புறமாக வெளிவரும். வயலில் மண்புழு ஆற்றும் தொண்டைக் கடலின் அடித்தளத்தில் கடலட்டை ஆற்றுகிறது எனலாம்.

இத்தொண்டின் அளவு வியப்பூட்டுவது. ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவுப் பவளத்திட்டில் வாழும் முப்பது லட்சத்திற்கு மேற்பட்ட கடலட்டைகள், ஆண்டொன்றுக்குச் சுமார் 64,000 டன் மணலை உண்டு வெளியிடுகின்றன என 2021இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. பசிபிக் தீவுகளில் நடந்து 2024இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், கடலட்டைகளை அகற்றிய இடங்களில் பவளங்கள் நோயுற்று மடிவது பல மடங்கு மிகுந்தது. மணல் அழுக்கடைந்தால் அதன்மேல் நிற்கும் பவளமும் கெடும் என்பது இதனால் தெளிவாகிறது.

மன்னார் வளைகுடாவில்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிலும் பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் பரந்துள்ளன. இப்பகுதி 1986இல் கடல் தேசியப் பூங்காவாகவும், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கும் பாக் நீரிணைப் பகுதியிலும் கடலட்டைகள் முன்னர் ஏராளமாக இருந்தன. அவற்றைப் பிடித்து, வேகவைத்து, உலர்த்திச் சீனா முதலிய நாடுகளுக்கு அனுப்பும் வாணிகம் மிகப் பழைமையானது. முத்தும் சங்கும் எடுக்க மூழ்கிப் பழகிய குடும்பங்கள் பலவற்றுக்கு இதுவும் ஒரு வாழ்க்கைத் தொழிலாக இருந்தது.

அளவுக்கு மீறிப் பிடித்தமையால் கடலட்டைகள் குறையலாயின. 1982இல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த உலர்ந்த கடலட்டைகளை ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் அவை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாயின. பவளங்களும் அவ்வாண்டில் அதே பாதுகாப்பைப் பெற்றன.

தடையால் வருவாயை இழந்த மீனவர்களின் துயரம் புறக்கணிக்கத்தக்கதன்று. எதிரே இலங்கையின் வடபகுதியில் அடைப்புக்கள் அமைத்துக் கடலட்டை வளர்க்கப்படுவதை அவர்கள் காண்கின்றனர். இதற்கான அறிவு நம்மிடமும் இல்லாமல் இல்லை. 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி டி. பி. ஜேம்ஸ், தூத்துக்குடியில் 1988ஆம் ஆண்டிலேயே வெள்ளை அட்டை எனப்படும் ஹோலோதூரியா ஸ்கேப்ராவின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்குவதில் வெற்றி கண்டார். குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுவதன் மூலம் குறைந்த இனத்தை மீண்டும் பெருக்க வழியுண்டு. கடலின் நலனும் மீனவர் வாழ்வும் ஒன்றுக்கொன்று பகையாக நிற்க வேண்டிய அவசியமில்லை.

களப்பணியாளர்கள் மீனவர் கூட்டங்களில் தடையை மட்டும் எடுத்துரைத்தால், அது வெறும் கட்டளையாகவே தோன்றும். மணலைத் துலக்கும் உயிர் நீங்கினால் மீன் வளரும் இடமே கெடும் என்ற காரணத்தையும் விளக்க வேண்டும். வலையில் தற்செயலாக அகப்படும் கடலட்டையை உயிருடன் உடனே கடலில் விடுவதால் விளையும் நன்மை அப்போதே மனத்தில் பதியும்.

ஆசிரியர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பள்ளித் தொட்டிக்காகக் கடலிலிருந்து பவளத்தையோ கடலட்டையையோ எடுத்துவருதல் சட்டத்திற்குப் புறம்பானது. மேலும், காயமுற்ற அல்லது மடிந்த கடலட்டை வெளியிடும் நஞ்சு, சிறு தொட்டியிலுள்ள மீன்களையெல்லாம் கொன்றுவிடக்கூடும். பள்ளித் தொட்டியில் மணலைத் துலக்கும் பணி மாணவர்களுடையதாகவே இருக்கட்டும்.

கடலுக்கு அப்பாலுள்ள பள்ளிகளில்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ள கங்காதர நெல்லூர் போன்ற ஊர்கள் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளன. அங்குள்ள பள்ளிகளில் கடல்நீர்த் தொட்டி அமைப்பது எளிதன்று. ஆயினும் மணலுக்குள் நிகழ்வதை ஏரிச் சேற்றைக் கொண்டே காட்டிவிடலாம். வினோகிராத்ஸ்கி கையாண்ட முறையே இதற்கு அடிப்படை.

உயரமான கண்ணாடி ஊறுகாய்ப் புட்டிகள் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏரியிலிருந்து எடுத்த சேற்றுடன் சிறிது மணலையும், சிறு துண்டுகளாகக் கிழித்த காகிதத்தையும் நன்றாகக் கலந்து, இரண்டு புட்டிகளிலும் முக்கால் பாகம் நிரப்ப வேண்டும். ஒன்றில் மட்டும் ஜிப்சம் தூள் இரண்டு தேக்கரண்டி சேர்த்துக் கலக்க வேண்டும். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். உழவர்கள் நிலக்கடலைக்கு இடுவது. இரண்டிலும் சேற்றுக்கு மேல் சில சென்டிமீட்டர் உயரம் ஏரி நீரை ஊற்றி, மூடியைத் தளர்த்தியாக வைத்து, வெளிச்சமுள்ள சன்னலருகே வைத்துவிட வேண்டும்.

நான்கு முதல் எட்டு வாரங்களில் சேற்றில் அடுக்குகள் தோன்றும். மாணவர்கள் வாரம் ஒருமுறை அளந்து, வண்ணம் தீட்டிக் குறித்துவரலாம். ஜிப்சம் இட்ட புட்டியில் கருமை மிகுதியாகப் பரவும்; ஒளி படும் பக்கத்தில் பச்சை அல்லது ஊதா நிறத் திட்டுக்களும் தோன்றக்கூடும். காகிதம் அழுகும் பொருளுக்கு ஈடு. ஜிப்சம் கடலின் சல்பேட்டுக்கு ஈடு. ஏரியின் சேற்றுக்கும் கடலின் மணலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு புட்டிகளும் அருகருகே நின்று விளக்கும். சோதனை முடிந்தபின் புட்டிகளைத் திறந்த வெளியிலேயே திறக்க வேண்டும். முகத்தை அருகில் கொண்டுசெல்லக் கூடாது.

கருமை படர்ந்த புட்டியைக் காட்டி, இச்சேறு தூய்மையற்றதா என்று ஆசிரியர் மாணவரை வினவலாம். பிராணவாயு உள்ள இடத்தில் ஓர் உயிரும், அது இல்லாத இடத்தில் மற்றோர் உயிரும் தத்தம் வேலையைச் செய்கின்றன என்பதே அதற்குரிய விடை. தூய்மை என்பது உயிர்களே இல்லாத நிலையன்று. ஒவ்வோர் உயிரும் அதனதன் அடுக்கில், தன் அளவுக்கு மீறாமல் உழைக்கும் நிலையே தூய்மை. மாணவன் இதனை அறிந்துகொண்டால், தொட்டியின் மணலைச் சிறிது சிறிதாக, காலம் தவறாமல் துலக்குவான். கடலட்டையை ஏன் கடலிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பதையும் உணர்வான்.